பதினொரு மணிக்கு வாந்தி எடுத்த புல்தரை

தென்றல் நகரின் புல்தரை முதல்முறையாக வாந்தி எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. மேலாளர் சாந்தாமணி அதன் ஓரத்தில் நின்றுகொண்டு, தோட்டக்காரர் ஆறுக்குட்டியிடம் யூரியாவை இன்னும் கொஞ்சம் தாராளமாக வீசச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் தாராளமாகத்தான் வீசிக்கொண்டிருந்தார். அப்போது தரைக்கு அடியிலிருந்து ஓர் ஏப்பம் வந்தது, பந்தியில் மூன்றாம் முறை பாயசம் வாங்கிய சம்பந்தியின் ஏப்பத்தைப் போல நீளமாக, வெட்கமில்லாமல். கொடிக்கம்பத்துக்கும் தண்ணீர் தெளிப்பானுக்கும் நடுவே மண் ஒரு முழ நீளத்துக்குப் பிளந்தது, பிளந்த ஓரங்கள் வெளிப்பக்கமாக மடிந்து உதடுகள் ஆயின, உதடுகளுக்கு நடுவிலிருந்து தலையணைப் பருமனில் ஒரு நாக்கு எட்டிப் பார்த்தது, அந்த நாக்கின்மேல் கழுவாத சட்டியில் காய்ந்து ஒட்டிய தயிரைப் போல வெள்ளையாக மாவு படிந்திருந்தது, அதன் பின்னால், எந்த அவசரமும் இல்லாமல், பதினோரு வருடத்து உரம் வெதுவெதுப்பான கஞ்சியாகப் பொங்கி வந்து ஆறுக்குட்டியின் பாதங்களை நனைத்தது.

"ஒத்துக்கலையாட்ட இருக்குதுங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டு ஆறுக்குட்டி காலை ஓரமாக எடுத்து வைத்தார்.

மண்ணுக்கு எப்படி வாய் வந்தது என்ற கேள்வி சாந்தாமணிக்கு அப்போது தோன்றவில்லை, பிற்பாடும் தோன்றவில்லை. சங்கத் தலைவர் நாச்சிமுத்து பன்னிரண்டு மணிக்கு நடை வருவார், அதற்குள் இதைக் கழுவிவிட வேண்டும் என்பதே அவளுடைய கவலையாக இருந்தது.

கோயமுத்தூருக்கு வடக்கே, முன்பு சோளம் விளைந்த காட்டில் எழும்பிய அறுபத்து நான்கு வீடுகள் அந்தப் புல்தரையைச் சுற்றி, விருந்துக்கு வந்து சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்த உறம்பரைகள் மாதிரி, முகம் காட்டி நின்றன. புல்தரை என்பது உலகத்திலேயே விசித்திரமான வெள்ளாமை. மற்றப் பயிரையெல்லாம் யாராவது தின்பதற்காக வளர்ப்பார்கள். இதை மட்டும் வளர வேண்டும் என்று உரம் போட்டு, வளர்ந்துவிட்டதே என்று வெட்டி, வெட்டிய இடம் வெளுத்துவிட்டதே என்று மறுபடி உரம் போட்டு, மாடு மேயாமல், மனிதர் மிதிக்காமல், பால்கனியிலிருந்து பார்த்து "நல்லா இருக்குது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதற்காக வளர்ப்பார்கள். தென்றல் நகரில் அந்த வார்த்தையைப் பதினோரு வருடம் தவறாமல் சொல்லிவந்தார்கள். சாந்தாமணியின் நியமனக் கடிதத்திலும் முதல் வரியாக அதுவே இருந்தது: புல்தரை பச்சையாக இருக்கும்வரை மேலாளர் பணியில் இருப்பார், பணியில் இருக்கும்வரை மோட்டார் அறைக்குப் பின்னால் உள்ள இரண்டு அறை வீட்டில் குடியிருப்பார்.

அந்த இரண்டு அறைகளைத் தவிர அவளுக்குப் போக்கிடம் கிடையாது. பிறந்த வீட்டில் அவள் படுத்துறங்கிய அறையை இடித்து அண்ணன் மாடிப்படி கட்டிவிட்டார். ஒருமுறை பொங்கலுக்குப் போனபோது, தன் கட்டில் கிடந்த இடத்தில் எட்டாவது படி இருப்பதைக் கணக்குப் பார்த்துத் தெரிந்துகொண்டு, அன்று மாலையே திரும்பி வந்துவிட்டாள். எனவே புல் போனால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும், வீடு போனால் எட்டாவது படியில்தான் படுக்க வேண்டும்.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. சாந்தாமணி பிறவியிலேயே அருவருப்பு மிகுந்தவள். பாலில் ஆடை மிதந்தால் டம்ளரைக் கண்ணை மூடிக்கொண்டு நகர்த்துவாள். ஈரமான கறிவேப்பிலை விரலில் ஒட்டினால் உடம்பு சிலிர்ப்பாள். அவளுக்குப் புல்தரை பிடித்திருந்ததற்குக் காரணமே, அது மண்ணைக் கண்ணுக்குத் தெரியாமல் மூடி வைத்திருந்தது என்பதுதான். இப்போது அந்த மண் நாக்கை நீட்டிக்கொண்டு அவளைப் பார்த்தது. கண் இல்லாவிட்டாலும் பார்த்தது.

நாச்சிமுத்து வந்தார், பார்த்தார், கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"என்ன கருமம்மா இது?"

"வாயிங்க ஐயா."

"அது தெரியுது. மூட மாட்டேங்குதே, அதைக் கேட்டேன்."

தென்றல் நகர் அந்த வாயை நான்கே நாளில் ஏற்றுக்கொண்டது. முதல் நாள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், இது பராமரிப்புக் குழுவின் கீழ் வருமா சுகாதாரக் குழுவின் கீழ் வருமா என்று இருநூற்றுப் பன்னிரண்டு செய்திகள் வந்தன. இரண்டாம் நாள் ஒன்பதாம் வீட்டுப் பல் மருத்துவர் ஹேமப்பிரியா டார்ச் அடித்துப் பார்த்து, பல்லே இல்லாத வாய்க்குத் தன்னால் எதுவும் செய்ய முடியாது, ஆனால் ஈறு மோசமாக இருக்கிறது என்று சொன்னார். மூன்றாம் நாள் இருபத்திரண்டாம் வீட்டு மீனலோசனி அம்மாள், இத்தனை பச்சையாக இருந்தால் ஊர்க் கண் படாமல் என்ன செய்யும் என்று கேட்டு, எலுமிச்சம்பழமும் மிளகாயும் சுற்றி வாய்க்குள் போட்டார். வாய் பழத்தைச் சப்பிவிட்டுக் கொட்டையை அவர் காலடியிலேயே துப்பியது. நான்காம் நாள், திறந்த வாய் பார்க்க நாகரிகமாக இல்லை என்று பெண்கள் பிரிவு தீர்மானித்து, பலகாரத்தை ஈ மொய்க்காமல் மூடும் வலைக்கூடையில் ஆள் உயரத்துக்கு ஒன்று செய்யச் சொல்லி அதன்மேல் கவிழ்த்தது.

வாந்தி மட்டும் தினமும் காலை பதினொரு மணிக்குத் தவறாமல் வந்தது. கோழிக்கூண்டின் நெடியும் அழுகிய முட்டையின் நெடியும் கலந்து, அது ஜன்னல் இடுக்கு வழியாக நுழைந்து, சாம்பாரில் இறங்கி, துவைத்த துணியில் தங்கி, தூங்கும் குழந்தையின் உச்சந்தலையில் போய் உட்கார்ந்தது. மக்கள் அதையும் பழகிக்கொண்டார்கள். வீட்டிலிருந்து கணினி வேலை பார்ப்பவர்கள் பதினொன்றுக்குக் கூட்டம் வைப்பதில்லை என்று வெளிநாட்டுக்காரர்களிடம் சொல்லிவைத்தார்கள். "ஓக்காளத்துக்கு முன்னாடி வந்துடு" என்று வேலைக்காரப் பெண்களிடம் சொன்னார்கள். வீடு பார்க்க வருகிறவர்களிடம் தரகர்கள் அதைக் கடைசியில் சொல்வதை விட்டுவிட்டு முதலிலேயே சொல்லத் தொடங்கினார்கள்: சொந்த வாய் உள்ள புல்தரை, மாவட்டத்தில் வேறெங்கும் கிடையாது. குப்பை லாரிக்காரர்கள் மட்டும் பழக மறுத்தார்கள். வாசல்வரை வந்து, முகர்ந்து பார்த்து, அப்படியே லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வரவே இல்லை.

தினமும் கழுவிவிட வேண்டியவள் சாந்தாமணி. முகத்தில் இரண்டு முகமூடி, அதற்குள் மூக்கடியில் தைலம், கையில் முழங்கைவரை ரப்பர் உறை. தண்ணீர்க் குழாயை நீட்டிப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடியே கழுவுவாள். ஒருநாள் அப்படிக் கழுவும்போது அவளுக்கே குமட்டி, வேலி ஓரமாக ஓடிப்போய்க் குனிந்தாள். நிமிர்ந்தபோது வாய் தன் வாந்தியை நிறுத்திவிட்டு அவளுடையதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த மரியாதை அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

"அண்ணா, நிசத்தச் சொல்லுங்க," என்று ஆறுக்குட்டியைக் கேட்டாள். "நான் சொன்ன அளவுதான் போட்டீங்களா?"

ஆறுக்குட்டி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "நீங்க ஒரு படின்னீங்க. நான் ரெண்டு படி போட்டனுங்க. பாவம், வாயில்லாத ஜீவன்னு."

"நீங்களுமா?" என்றாள் சாந்தாமணி. ஏனென்றால் நாச்சிமுத்து அரைப் படி என்று சொன்னதை ஒரு படி என்று மாற்றியவள் அவள்தான். மூட்டையில் அச்சடித்திருந்த கால் படியை நாச்சிமுத்து அரைப் படி ஆக்கியிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அந்தப் பக்கத்தில் விருந்தாளி இலைமேல் இரண்டு கையையும் குறுக்கே நீட்டிப் போதும் என்று மறித்தாலும், விரல் இடுக்கு வழியாக ஒரு கரண்டி வைத்தால்தான் உபசரிப்பு. அந்த உபசரிப்பில், பதினோரு வருடம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒன்றுக்கு எட்டாக அந்த மண் சாப்பிட்டிருந்தது. போதும் என்று சொல்ல அதற்கு வாய் இல்லை. அதனால் ஒன்றைச் செய்துகொண்டது.

செயற்குழு கூடியது. உரம் தவறு என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். எது சரியான உரம் என்பதில் அறுபத்து நான்கு கருத்து இருந்தது. நாச்சிமுத்துவுக்குப் பதினேழு பதினேழு பதினேழு காம்ப்ளெக்ஸ். மீனலோசனி அம்மாளுக்குப் பஞ்சகவ்யம். ஹேமப்பிரியாவுக்கு எலும்புத் தூள், ஈறுக்கு நல்லதாம். ஒருவர் வேப்பம் புண்ணாக்கு, ஒருவர் கடற்பாசிச் சாறு, ஒருவர் மீனையும் வெல்லத்தையும் நாற்பது நாள் ஊறவைத்த திரவம், மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த நீலக் குருணை ஒருவர். வாயையே கேட்டுவிடலாம் என்று முடிவாகி, சங்க மண்டபத்துச் சாம்பார்க் கரண்டியைத் திரைச்சீலைக் கம்பியோடு சேர்த்துக் கட்டி, நாளுக்கு ஓர் உரமாக ஊட்டினார்கள். கரண்டியைப் பிடித்தவள் சாந்தாமணி. காம்ப்ளெக்ஸை வாய் கரண்டியோடு தள்ளியது. நீலக் குருணையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து, அதைக் கொடுத்தவர் மாலை நடைக்கு வந்தபோது ஒவ்வொன்றாக அவர்மேல் துப்பியது. மீன் திரவத்தைக் கண்டபோது உதட்டைச் சப்பி யோசித்தது, ஒரு வாய் குடித்தது, இரண்டாவதை ஊற்றும்போது மூடிக்கொண்டது. முகத்தில் அடித்தாற்போல் அது சொன்ன பதில் அது. ஆனால் இரண்டாவது கரண்டியும் உள்ளே போய்ச் சேரும்வரை அதைக் கொண்டுவந்தவர் விடவில்லை. உதட்டுக் கோடியில் கம்பியைச் செருகி ஊற்றவைத்தார். எல்லாம் வெளியே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, யார் மனமும் புண்படக்கூடாது என்று செயற்குழு ஒரு சமரசத்துக்கு வந்தது: எல்லா உரத்தையும் கலந்து ஒரே வேளையில் கொடுத்துவிடுவது. பெயின்ட் டப்பா நிறையக் கலக்கினார்கள். அது பழுப்பும் நீலமும் பச்சையுமாக நுரைத்து, தானாகவே கொப்புளம் விட்டது. அதை ஊற்றிய பிறகு பதினொரு மணிவரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. வாய் ஒருமுறை கோணியது, ஒருமுறை உள்ளிழுத்தது, பிறகு கொடிக்கம்பத்தின் உச்சிவரை அடித்தது. கீழே வரும்போது அது நாச்சிமுத்துவின் வெள்ளைச் சட்டைமேலும், மீனலோசனி அம்மாள் விரித்திருந்த குடைமேலும் வந்து சேர்ந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைக்காமலே நாச்சிமுத்து சொன்னார்: "பிளாஸ்டிக் புல்லுப் போட்டறலாம்."

எல்லோரும் கை தூக்கினார்கள். பிளாஸ்டிக் புல் என்றும் பச்சை. தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது, வாய் திறக்காது. "மேலாளரும் கேக்காது" என்று யாரோ சேர்த்துச் சொன்னார்கள், சிரிப்பு வந்தது. கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்த சாந்தாமணிக்கு அந்தச் சிரிப்பு எட்டாவது படியில் ஏறி நிற்பதாகத் தோன்றியது.

அவள் கரண்டியை வைத்துவிட்டு முன்னால் வந்தாள். "ஐயா, ஒரு மண்டலம் குடுங்க எனக்கு. வாந்திய நிறுத்திக் காட்டறேன். நிக்கலீன்னா நானே அந்தப் பிளாஸ்டிக் புல்லுச் சுருளைப் பிரிச்சுப் போட்டுட்டுப் போயிடறனுங்க."

இரண்டு மாதம் என்று கேட்டிருந்தால் மறுத்திருப்பார்கள். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் என்று கேட்டதை மறுக்க யாருக்கும் வாய் வரவில்லை. விரதத்துக்கும் மருந்துக்கும் கொடுக்கும் அவகாசத்தை மண்ணுக்குக் கொடுக்காமல் இருந்தால் ஏதாவது வந்து சேரும் என்று உள்ளுக்குள் பயம். சரி என்றார்கள்.

மறுநாள் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாயின் ஓரத்தில் ஒரு கைப்பிடி மண்ணைக் கரண்டியால் எடுத்துப் பொட்டலம் கட்டி, மண் பரிசோதிக்கும் இடத்துக்கு அனுப்பினாள். பதினோரு வருடத்தில் அந்த மண்ணுக்கு என்ன குறை என்று யாரும் கேட்டது அதுதான் முதல்முறை. ஒரு வாரம் கழித்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மேடம், இது எங்க எடுத்த மண்ணுங்க?"

"புல்தரையிலங்க."

"அப்படீங்களா! நான் உப்பளம்னு நெனச்சுட்டேன். கரிமச்சத்து இருக்க வேண்டியதுல கால்வாசிகூட இல்லீங்க. நுண்ணுயிரி எண்ணிப் பாத்தோம். எண்றதுக்கு ஒண்ணும் கெடைக்கல."

"அப்ப என்ன உரமுங்க போடறது?"

"ஒண்ணும் போடாதீங்க."

"ஒண்ணும் போடாம எப்படிங்க? பட்டினியா கெடக்காதா?"

"அதுகிட்ட எடுக்கறத அதுக்கே குடுங்க, போதும்."

"நாங்க எதையும் எடுக்கறதில்லீங்களே" என்று சாந்தாமணி சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கண் ஜெனரேட்டருக்குப் பின்னால் போனது. அங்கே, சனிக்கிழமைதோறும் வெட்டி, வாரி, ஒரு துரும்பு விடாமல் பெருக்கிக் கறுப்புப் பைகளில் கட்டிய புல்வெட்டு, குப்பை லாரி வராததால் பதினெட்டு மூட்டையாகக் குவிந்து கிடந்தது. வாசல் பெருக்குவதுபோலவே புல்தரையையும் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். அதன் தலையில் வளர்ந்ததையெல்லாம் பதினோரு வருடமாக ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டியிருந்தார்கள். திரும்பிப் பார்த்தாள். வலைக்கூடைக்குள்ளிருந்து நாக்கு ஜெனரேட்டர் பக்கமாகத்தான் நீண்டிருந்தது. முதல் நாளிலிருந்தே அந்தப் பக்கம்தான் நீண்டிருந்தது. அதை நேராகப் பார்க்க அவளுக்குத்தான் மனம் வரவில்லை.

முதல் மூட்டையை அவள் கத்தியால் கீறியபோது உள்ளிருந்து ஆவி வந்தது. புல் புல்லாக இல்லை. கறுத்து, குழைந்து, நூல் விடும் களியாக இருந்தது. அழுகின முட்டைக்கோஸும், மூன்று நாள் ஊறிய அழுக்குத் துணியும், கரப்பான் பூச்சி செத்த அலமாரியும் சேர்ந்த நெடி. நடுவில் வெள்ளைப் புழுக்கள், திடீரென்று வெளிச்சம் பட்டதில் கூச்சப்பட்டு ஒன்றன் அடியில் ஒன்று ஒளிந்துகொண்டன. ரப்பர் உறை போட்ட கையால் ஒரு குத்து அள்ளிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி, வாயிடம் நீட்டினாள். நாக்கு வந்தது, உறையைத் தொட்டது, சுருண்டு உள்ளே போய்விட்டது.

"ரப்பர் நாத்தம் புடிக்கலீங்க அதுக்கு," என்றார் ஆறுக்குட்டி. "கையில குடுங்க."

"நீங்க குடுங்கண்ணா."

"என்ற கையில யூரியா நெடி அடிக்குதுங்க. என்னையக் கண்டாலே மூடிக்குதே, பாக்கலீங்களா?"

அவள் உறையைக் கழற்றினாள். அள்ளினாள். களி விரல் இடுக்கில் பிதுங்கியது, ஒரு புழு மணிக்கட்டில் ஏறி வளையலுக்கு அடியில் நுழைந்தது. அவள் அம்மா என்று கத்தினாளே தவிரக் கையை உதறவில்லை. நாக்கு மெதுவாக வந்து, சொரசொரப்பாக, மாட்டு நாக்கின் சூட்டோடு, அவள் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு போனது. உதடுகள் மூடின. மண்ணுக்கு அடியில் எங்கோ ஏதோ இறங்கும் சத்தம் கேட்டது. இரண்டாவது குத்தையும் நீட்டினாள்; தின்றது. மூன்றாவதை நீட்டியபோது உதடுகள் இறுக மூடியிருந்தன.

"இன்னொரு வாயி..." என்று ஆறுக்குட்டி ஆரம்பித்தார்.

"போதுமுன்னுது" என்றாள் சாந்தாமணி.

அன்றிலிருந்து தினமும் இரண்டு குத்து. வெறும் களி வழவழப்பாக இருக்கிறது என்று ஆறுக்குட்டி, தாளிதம் போடுகிறவர் முகத்தோடு, காய்ந்த சருகை நொறுக்கிச் சேர்த்தார். நெடி பாதியாகக் குறைந்தது. மிச்சத்தைப் புல்தரை முழுவதும் சல்லடையில் போட்டுத் தூவினார்கள், கனமாக விழுந்தால் புல் மூச்சு முட்டும் என்பதால் மெல்லிசாக. புல் வெட்டும் எந்திரத்தின் பெட்டியைக் கழற்றி, வெட்டிய புல் விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்று விட்டார்கள். உரம் கிடையாது. யூரியாவின் கள்ளப் பச்சை வடிந்து, புல்தரை மஞ்சள் காமாலை கண்டவன் கண்போல வெளிறியது. இடையிடையே கோரை எழுந்தது. சருகும் புல்வெட்டும் மக்கிப் பழுப்புத் திட்டாகக் கிடந்தன. வாந்தியைப் பொறுத்துக்கொண்டவர்களால் இந்த நிறத்தைப் பொறுக்க முடியவில்லை. "எங்க வீட்டுக்கு முன்னாடி குப்ப மேடு" என்று படம் எடுத்துக் குழுவில் போட்டார்கள். சாந்தாமணி வந்தால் மண்டபத்துப் பெஞ்சில் இடம் இருந்தும் இல்லை என்றார்கள். அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. சோப்புப் போட்டு எத்தனை முறை தேய்த்தாலும் சோற்றில் அந்த நெடி இருந்தது, அவள் ஸ்பூனால் சாப்பிட்டாள்.

முப்பதாம் நாள் காலை, வலைக்கூடையைத் தூக்கிக்கொண்டு நாச்சிமுத்து குனிந்து நிற்பதைப் பார்த்தாள். அவர் வேட்டி மடிப்பில் கை.

"ஐயா! என்னங்க அது?"

"ஒண்ணுமில்ல. ஒரே ஒரு கை யூரியாம்மா. பாவம், எப்படி வெளிறிக் கெடக்குது பாரு. பெத்த புள்ளைன்னா விட்டுருவமா?"

"அதுக்கு ஒத்துக்காதுங்க."

"நான் பாசத்துல குடுக்கறேன்."

"பாசத்துலதாங்க இந்த கதிக்கு வந்துச்சு."

அவர் கையை எடுத்துக்கொண்டார். வருத்தத்தோடு, விருந்தில் இலை மடக்கிவிட்ட விருந்தாளியைப் பார்ப்பதுபோல, வாயைப் பார்த்துக்கொண்டே போனார்.

வாந்தி முதலில் தண்ணீராயிற்று, பிறகு வெறும் ஓங்கரிப்பாயிற்று, பிறகு ஒரு சின்ன விக்கலாயிற்று. நாற்பத்தோராம் நாள் பதினொரு மணிக்கு ஜன்னல்களைச் சாத்திவிட்டு தென்றல் நகரே காத்திருந்தது, பதினொன்றே கால் வரை காத்திருந்தது, ஒன்றும் வரவில்லை. ஏமாற்றத்தோடு ஜன்னல்களைத் திறந்தார்கள். அடுத்த நாள் நாக்கு வெளியே வரவில்லை. நாற்பத்தைந்தாம் நாள் உதடுகள் ஒட்டி ஒரு தையல் கோடாயின, நாற்பத்தேழாம் நாள் அந்தக் கோட்டின்மேல் புல் முளைத்திருந்தது. சாந்தாமணி இரண்டு குத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே கொடுப்பது என்று தெரியாமல் நின்றாள். கடைசியில் அதைத் தரையில் தூவினாள்.

நாற்பத்தெட்டாம் நாள் காலை பிளாஸ்டிக் புல் சுருள்களோடு லாரி வாசலில் வந்து நின்றது. பொதுக்குழு புல்தரை ஓரத்தில் கூடியது. முதலில் வாய் காணாமல் போனதற்குக் கண்டனம் தெரிவித்தார்கள். சொந்த வாய் உள்ள நகர் என்று சொல்லி வீடு பார்த்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது? "என் பேத்தி அதுக்குப் பேரெல்லாம் வெச்சிருந்தா" என்றார் மீனலோசனி அம்மாள். பிறகு எல்லோரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள், பார்த்து, ஒருசேரப் பின்வாங்கினார்கள்.

வெளிறிய புல்லின் இடையில், தரை முழுவதும், கடுகு கொட்டியதுபோல, கொத்துமல்லி விதை கொட்டியதுபோல, கறுப்புக் கறுப்பாகச் சின்னஞ்சிறு உருண்டைகள் ஆயிரம் ஆயிரமாகக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே இளஞ்சிவப்பாக ஏதோ நெளிந்து உள்ளே இழுத்துக்கொண்டது. மைனாக்கள் கூட்டமாக வந்து கொத்திக்கொண்டிருந்தன.

"சீச்சீ! என்னது இது?" என்றார் ஹேமப்பிரியா.

"மண்புழுங்க டாக்டர். வந்துருச்சுங்க" என்றாள் சாந்தாமணி.

"அந்த உருண்டை?"

"அதுங்க போட்டதுங்க."

கூட்டம் இன்னும் ஓர் அடி பின்னால் போனது. நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார். "அம்மிணி, வாந்திய நிறுத்தறேன்னு சொல்லித்தான் ஒரு மண்டலம் வாங்குனே. இப்பப் பாரு, ஒரு எடத்துல வந்துட்டு இருந்தது ஊரு பூரா வந்திருக்குது. இதுவும் வாந்திதானே?"

"இது வாந்தி இல்லீங்க ஐயா. சாணி."

"ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

சாந்தாமணி அதைப்பற்றி நாற்பத்தெட்டு நாள் யோசித்திருந்தாள் என்று சொல்ல முடியாது. ஆனால் பதில் கையில் இருந்தது. "தின்னது ஒத்துக்கலீன்னா வாந்திங்க. ஒத்துக்கிட்டா சாணிங்க."

அவள் குனிந்து, வெறும் கையால் ஒரு பிடி அள்ளி, நேராக நாச்சிமுத்துவின் மூக்குக்குக் கீழே நீட்டினாள். அவர் கண்ணை மூடினார். மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஆனால் மூச்சை எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்? விட்டார், இழுத்தார், மறுபடி இழுத்தார்.

"நாத்தமே இல்லையே" என்றார். அதை ஒரு புகாரைப் போலத்தான் சொன்னார்.

மீனலோசனி அம்மாள் எட்டிப் பார்த்தார். "அட, மண்புழு எச்சம்! என்ற ரோஜாவுக்கு இதத்தான் நான் பொட்டலம் பொட்டலமா கடையில வாங்கிட்டு வர்றேன்!"

வாக்கெடுப்பு நடந்தது. முப்பத்தெட்டுக் கைகள் லாரியைத் திருப்பி அனுப்பச் சொல்லின, பதினொன்று சுருள்களை இறக்கச் சொல்லின, மற்றவர்கள் வெயில் என்று சொல்லி நிழலில் ஒதுங்கியிருந்தார்கள். புல்தரையும் மேலாளரும் அடுத்த ஆண்டுவரை அப்படியே இருக்கலாம், பச்சை என்பதில் வெளிர்பச்சையும் அடங்கும் என்று நாச்சிமுத்து குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். லாரி பின்னோக்கி ஓசையெழுப்பிக்கொண்டே போயிற்று. இரண்டு அறைகளும் அவளுடையவையாகவே இருந்தன. சாந்தாமணி வேலியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள்.

அவள் திரும்பிப் பார்த்தபோது பொதுக்குழு கலைந்திருக்கவில்லை. டிபன் பெட்டி மூடி, பூஜைத் தட்டு, குழந்தையின் பக்கெட், மடித்த செய்தித்தாள் என்று கையில் கிடைத்ததோடு அறுபத்து நான்கு வீடும் புல்தரையில் இறங்கியிருந்தது. பதினோரு வருடம் மிதிக்காத தரையில் மண்டியிட்டு, கறுப்பு உருண்டைகளை வழித்து அள்ளிக்கொண்டிருந்தார்கள். "எங்க வீட்டுக்கு முன்னாடி இருக்கறது எங்களுக்கு, அந்தப் பக்கம் போங்க" என்று ஹேமப்பிரியா ஒருவரை முழங்கையால் தள்ளினார். மீனலோசனி அம்மாள் குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்து நிரப்பிக்கொண்டிருந்தார். ஒரு துரும்பு விடாமல் பெருக்கக்கூட யாரோ துடைப்பம் கொண்டுவந்துவிட்டார்கள். களியிலும் புழுவிலும் நாக்கிலும் வராத குமட்டல் ஒன்று சாந்தாமணிக்கு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. இந்த முறை அவள் வேலி ஓரத்துக்கு ஓடவில்லை.

"வெச்சுட்டுப் போங்க!"

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளே திரும்பிப் பார்த்தாள். மைனாக்கள் எழும்பிப் பறந்தன.

"எல்லாரும்! எடுத்தத எடுத்த எடத்துலயே கொட்டிட்டுப் போங்க!"

அவள் நடைபாதைக்குப் போகும் ஒரே வழியில் குறுக்கே நின்றுகொண்டாள். ஒவ்வொருவராக வந்தார்கள். டிபன் மூடி கவிழ்ந்தது. பூஜைத் தட்டு கவிழ்ந்தது. குடை உதறப்பட்டது, இன்னொருமுறையும் உதறப்பட்டது. ஹேமப்பிரியா கைப்பையைத் திறந்து காட்டினார். ஆறுக்குட்டி மடியை அவிழ்த்துக் காட்டி, அதில் வெற்றிலை தவிர எதுவும் இல்லை என்று சொல்லி, பிறகு வெற்றிலைக்கு அடியில் இருந்ததையும் கொட்டினார்.

கடைசியாக நாச்சிமுத்து வந்தார். வெறுங்கையோடு வந்தவர்போல, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி வந்தார்.

"வெயில் ஏறிருச்சு அம்மிணி" என்றார்.

"கையத் தொறங்க ஐயா" என்றாள் சாந்தாமணி.